வி. கிருஷ்ணசாமி ஐயர்

தஞ்சை ஜில்லா திருவிடைமருதூரில் 1863-ஆம் ஆண்டு பிறந்த கிருஷ்ணசாமி ஐயர், சென்னை ஹைக்கோர்ட்டில் வக்கீலாய்ப் பெரும் பொருளும் புகழும் ஈட்டியவர். அரசியலில் அவர் மிதவாதி. சட்டத்தின் வரம்பு கடவாது ஆங்கில அரசினரிடம் உரிமை கேட்டுப் பெறல் வேண்டுமென்னும் கொள்கையினர்.

1906-இல் ஆர்பத்நாட் கம்பெனி முறிந்து, அதனை நம்பிப் பணம் வைத்தோர் பலர் தவித்தனர். அவர்கள் பொருட்டு ஐயர் வழக்காடினார். அவ்வளவில் அமையாது, நம்மவர் பணத்தை நம்மவரே காத்தல் வேண்டுமெனக் கருதி, 1907-இல் இந்தியன் பாங்கு தோன்ற முன்னின்று உழைத்தார்.

நமக்கு வியப்பளிப்பது பிறிதொன்று. அதே ஆண்டில், மிதவாதிகளைக் கடிந்தெழுதிவந்த பாரதியாரே தம் தேசியப் பாடல்களை அவர் முன் பாடினார். ஐயர் உள்ளமுருகி, தம் செலவில் அவற்றை அச்சிடுவித்து இலவசமாக வழங்கினார். இதனால் கட்சிப் பகை தீர்ந்ததென எண்ணற்க. ஆண்டிறுதியில் சூரத் காங்கிரஸில் இருவரும் எதிரெதிர் அணியினரே. அவருடைய அரசியலை நாம் ஒப்பாதிருக்கலாம். அச்செயலை ஒப்பாதிருத்தல் அரிது.

1909-இல் ஹைக்கோர்ட்டு நீதிபதியாகி, 1911-இல் கவர்னரின் நிர்வாக சபையில் அமர்ந்த அவர், அவ்வாண்டு டிசம்பர் 28-இல் 48 வயதில் காலஞ்சென்றார். 1906-இல் அவர் நிறுவிய சமஸ்கிருதக் கல்லூரி மயிலாப்பூரில் இன்றும் நடைபெறுகின்றது.