கண்டு கற்ற ஓவியர்

நுழையும்முன்

மரக்காணத்து உப்பளங்கள் விரிந்து கிடக்கும் கடற்கரைப் பகுதியில் சிற்றூர்கள் பல உள்ளன. அத்தகைய ஊர்களின் எளிய வீடுகளிலும் தாமரைமேல் நிற்கும் திருமகள் படத்தையோ, மயில் அருகிருக்க வீணை மீட்டும் கலைமகள் படத்தையோ காணலாம். தமிழகத்து வீடுகளில் இன்று இயல்பாகிவிட்ட இக்காட்சிக்குப் பின்னால் ஓர் ஓவியரின் உழைப்பு இருக்கிறது. தமக்கு மறுக்கப்பட்ட ஒரு கலை நுட்பத்தைக் கண்ணால் கண்டே கற்றவர் அவர். கற்றதன் பயனை எல்லா வீடுகளுக்கும் கொண்டு சேர்த்தவர். அவர் இராஜா இரவிவர்மா.

பிறப்பும் இளமையும்

திருவனந்தபுரத்துக்கு வடக்கே உள்ள கிளிமானூர் அரண்மனையில் 1848ஆம் ஆண்டு ஏப்ரல் 29ஆம் நாள் இரவிவர்மா பிறந்தார். தந்தையார் நீலகண்டன் பட்டதிரிப்பாடு வடமொழி அறிஞர்; தாயார் உமாயம்பா பாடல் புனையும் ஆற்றல் பெற்றவர். சிறுவயதில் அரண்மனைச் சுவர்களில் கரித்துண்டால் அவர் தீட்டிய உருவங்களைத் தாய்மாமன் இராஜராஜவர்மா கண்டார் என்பர். தஞ்சாவூர் ஓவியமுறையில் தேர்ந்த அவர், மருகனுக்குத் தாமே முதல் ஆசிரியரானார்.

தஞ்சாவூர் ஓவியத்தில் பலகையின்மேல் துணியை ஒட்டிச் சுண்ணப்பூச்சு பூசுவர். அதன்மேல் தங்கத்தாளைப் பதித்து, வண்ணக் கற்களை இழைப்பர். பொன்னைக் காட்ட உண்மையான பொன்னையே பயன்படுத்தும் கலை அது. அம்மரபில் கண் பழகிய சிறுவனை, 1862ஆம் ஆண்டு மாமன் திருவனந்தபுரத்துக்கு அழைத்துச் சென்றார். கலையார்வலரான மன்னர் ஆயில்யம் திருநாள் அவனுக்கு ஆதரவளித்தார்.

மறுக்கப்பட்ட கல்வி

அரண்மனையில் இரவிவர்மாவைக் கவர்ந்தவை ஐரோப்பிய எண்ணெய் வண்ண ஓவியங்கள். நீரில் கரைத்த வண்ணம் பூசியவுடன் காய்ந்துவிடும். ஆளிவிதை எண்ணெயில் குழைத்த வண்ணமோ காற்றோடு கலந்து மெல்ல மெல்ல இறுகும். நாள்கணக்கில் ஈரமாக இருக்கும். அந்த ஈரம் ஓவியருக்கு வரமாகும். ஒரு நிறத்தை அடுத்த நிறத்தோடு இழைய விடலாம். கன்னத்தின் ஒளி நிழலாக மாறும் இடத்தைக் கோடின்றிக் காட்டலாம். எந்த எண்ணெயை எவ்வளவு சேர்ப்பது, ஒரு பூச்சு எவ்வளவு காய்ந்தபின் அடுத்த பூச்சைத் தொடங்குவது என்பனவற்றை அறியாதவர் கையில், வண்ணம் சேறாகும். அல்லது வெடித்து உதிரும்.

அந்நாளில் அரசவையில் இந்நுட்பம் அறிந்தவர் மதுரையைச் சேர்ந்த ஓவியர் இராமசாமி நாயக்கர். இளைஞரின் திறமையைக் கண்ட அவர், தம் நுட்பத்தைக் கற்பிக்க மறுத்துவிட்டார் என வாழ்க்கை வரலாற்றாசிரியர்கள் கூறுவர். அவருடைய மாணவர் ஆறுமுகம் பிள்ளையே ஆசிரியர் அறியாமல் இரவு வேளைகளில் வந்து, தாம் அறிந்தவற்றை இரவிவர்மாவுக்குச் சொல்லிக் கொடுத்ததாகக் கூறப்படுகிறது.

1868ஆம் ஆண்டு தியோடர் ஜென்சன் என்னும் ஐரோப்பிய ஓவியர் அரச குடும்பத்தாரின் உருவப்படங்களை வரையத் திருவனந்தபுரம் வந்தார். அவரும் முறையாகக் கற்பிக்க இசையவில்லை. தாம் வரையும்போது அருகிருந்து பார்க்க மட்டும் ஒப்புக்கொண்டார். இரவிவர்மாவுக்கு அதுவே போதுமானதாயிற்று. தூரிகை எங்கே தொடங்குகிறது, எங்கே தயங்குகிறது, எங்கே விரலால் வண்ணம் தேய்க்கப்படுகிறது என்பவற்றைக் கண்ணால் பயின்றார். பார்த்தவற்றைத் தனிமையில் கையால் செய்து பார்த்தார். பிழைத்தவற்றை அழித்து மீண்டும் வரைந்தார். எழுத்தில்லாத நூல் ஒன்றை இவ்வாறு அவர் ஓதி முடித்தார்.

பொன்னின்றிப் பொன் செய்தவர்

1870இல் கோழிக்கோட்டில் ஒரு குடும்பத்தாரின் உருவப்படத்தை ஊதியம் பெற்று வரைந்ததிலிருந்து ஓவியம் அவருடைய தொழிலாயிற்று. அரச மரபினர் கூலிக்கு வரைவதா என்று பலர் எண்ணிய காலம் அது. 1873ஆம் ஆண்டு சென்னையில் நடந்த கலைக் கண்காட்சியில், கூந்தலில் பூச்சூடும் நாயர் பெண்ணைத் தீட்டிய அவரது ஓவியம் ஆளுநரின் தங்கப்பதக்கம் பெற்றது. அதே ஆண்டு வியன்னாவில் நடைபெற்ற உலகக் கண்காட்சியிலும் அது பரிசு வென்றது.

இவ்வோவியங்களில் மாந்தரின் முகத்தைப் போலவே பொருள்களும் நம் கண்ணை நிறுத்துகின்றன. மேசைமேல் பழத்தையும் செம்பையும் துணிமடிப்பையும் வைத்து வரையும் நிலைப்பொருள் ஓவியம் ஐரோப்பாவில் தனி வகையாக வளர்ந்தது. பளபளப்பும் கனமும் வழவழப்பும் ஒன்றுக்கொன்று எவ்வாறு வேறுபடுகின்றன என்பதை ஓவியருக்குக் கற்பிக்கும் பள்ளி அது. அப்பள்ளியில் பயிலாமலே அதன் பாடத்தை இரவிவர்மா உணர்ந்திருந்தார். மைசூர் ஜகன்மோகன் அரண்மனையில் உள்ள, 1889இல் வரைந்த இசைக்கலைஞர் ஓவியத்தில் பதினொரு பெண்கள் காணப்படுகின்றனர். இசைக்கருவியின் மெருகேறிய மரமும், பட்டின் மடிப்பும், நகையின் மின்னலும் அதில் வெவ்வேறாகத் தெரிகின்றன.

சரிகைக் கரையைத் தீட்ட அவருக்குத் தங்கத்தாள் தேவைப்படவில்லை. பழுப்பு நிறத்தின்மேல் மஞ்சளையும், ஒளி விழும் இடத்தில் வெளிர்நிறப் புள்ளியையும் வைத்தால், எட்ட நின்று காண்போர் கண்ணில் அது பொன்னாகிவிடும். தஞ்சாவூர் மரபு பொன்னைப் பதித்தது. எண்ணெய் வண்ணம் பொன்மேல் விழும் ஒளியைத் தீட்டியது. இரண்டையும் அறிந்த கை அவருடையது.

உடன்பிறந்தாரின் துணை

இரவிவர்மாவின் ஓவியக்கூடத்தில் அவர் தனித்து உழைக்கவில்லை. 1860இல் பிறந்த தம்பி சி. இராஜராஜவர்மா இயற்கைக் காட்சிகளைத் தீட்டுவதில் வல்லவர். அண்ணன் மாந்தரை வரைய, பின்புலத்துக் காட்சிகளைத் தம்பி வரைவது பல ஓவியங்களில் வழக்கமாயிற்று. அவர் எழுதிய நாட்குறிப்பு, இருவரின் பயணங்களையும் அன்றாட வேலைகளையும் அறிய உதவும் சிறந்த சான்றாகும். ஓவியத்துக்காக முன்னமர்ந்திருக்கப் பெண்கள் கிடைப்பது அக்காலத்தில் அரிதாக இருந்தது. கிடைத்தவரின் முகத்தைப் புராண மாந்தரின் முகமாக மாற்றும் கற்பனை ஓவியருக்கு வேண்டியிருந்தது.

பரோடா மன்னர் சாயாஜிராவ், புராண இதிகாசக் காட்சிகள் பதினான்கை வரைந்து தருமாறு வேண்டினார். அதற்காக 1888ஆம் ஆண்டு உடன்பிறந்தார் இருவரும் வடஇந்தியாவில் பயணம் செய்தனர். பழங்கால மாந்தருக்கு எந்த உடை பொருந்தும் என்று தேடியபோது, நாடு முழுமைக்கும் பொதுவான உடையை அவர்களால் காண முடியவில்லை. எனவே பெண் மாந்தர் பலருக்குப் புடவையையே அவர் தேர்ந்தெடுத்தார். இன்று நம் மனத்தில் தமயந்தியும் சகுந்தலையும் புடவையோடு தோன்றுவதில் அவருக்குப் பெரும்பங்கு உண்டு.

எல்லார்க்கும் ஓவியம்

அரண்மனைச் சுவரில் தொங்கும் ஓவியத்தை எத்தனை பேர் காண முடியும்? கும்பகோணத்தில் பிறந்து திருவிதாங்கூரிலும் பரோடாவிலும் திவானாக விளங்கிய சர். டி. மாதவராவ், அவ்வோவியங்களை வண்ண அச்சுப்படிகளாக்கலாம் என்னும் கருத்தை முன்வைத்தார். 1894ஆம் ஆண்டு மும்பையில் இரவிவர்மா அச்சகத்தைத் தொடங்கினார். ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு கல்லைத் தனியே அமைத்து, ஒரே தாளில் அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிக்கும் முறை அங்குப் பின்பற்றப்பட்டது. ஒரு கல் இம்மியளவு விலகினாலும் படம் கலங்கிவிடும்.

அச்சகம் அவருக்குப் பொருள் ஈட்டித் தரவில்லை. கடன் பெருகியது, மும்பையில் கொள்ளைநோய் பரவியது, அச்சகம் லோனாவாலாவை அடுத்த மளவலிக்கு மாற்றப்பட்டது. இறுதியில் அங்குப் பணியாற்றிய செருமானியத் தொழில்நுட்பர் ஷ்லைஹருக்கு அது விற்கப்பட்டது. ஆனால் படங்கள் நிற்கவில்லை. கோவிலுக்குள் நுழைய உரிமை மறுக்கப்பட்டிருந்தவர் வீட்டுச் சுவருக்கும் தெய்வ உருவங்கள் வந்து சேர்ந்தன. பின்னாளில் கோவில்பட்டியில் கொண்டையராஜு முதலியோர் வளர்த்த நாட்காட்டி ஓவியத்துக்கும் இவ்வழியே முன்னோடியாயிற்று.

இரவிவர்மாவின் கலையை மறுத்தோரும் உண்டு. ஐரோப்பிய முறையைத் தழுவியதால் இந்திய மரபின் ஆழம் அவற்றில் இல்லை என ஆனந்த குமாரசாமி முதலிய அறிஞர்கள் கருதினர். அக்கருத்து இன்றும் ஆராய்தற்குரியது. மக்கள் மனத்தில் அவ்வோவியங்கள் பெற்ற இடமோ மாறவில்லை.

நிறைவு

1905ஆம் ஆண்டு தம்பி மறைந்தார். வாழ்நாள் முழுதும் உடன் உழைத்த கையை இழந்த இரவிவர்மா, 1906ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் இயற்கை எய்தினார். அவர் முடிக்காது விட்ட பார்சிப் பெண்மணி ஓவியம் கிளிமானூரில் உள்ளது.

மறைத்து வைத்த நுட்பத்தைக் கண்டு கற்றவர், தாம் கற்ற பின் அதனை மறைக்கவில்லை. அரண்மனையில் பிறந்த அவர் கலை உப்பளத் தொழிலாளியின் வீட்டுச் சுவர்வரை சென்று சேர்ந்தது. அதுவே அவர் பெற்ற பதக்கங்களினும் மேலான சிறப்பாகும்.