பேராசிரியர் ஆஸ்கர் மார்கென்ஸ்டெர்ன்

புளியங்கொட்டைகளைக் கையுள் மூடிக்கொண்டு ஒற்றையா இரட்டையா என்று கேட்கும் ஆட்டத்தை நம்முள் அறியாதார் இலர். மழைநாளில் திண்ணையிலமர்ந்து அதனைப் பலகால் ஆடியோர்க்கு ஓர் உண்மை புலனாகியிருக்கும். எப்பொழுதும் ஒற்றையே வைப்பவன் விரைவில் தோற்பான். எதிரி அவன் வழக்கத்தைக் கண்டுகொள்வான். ஒருமுறை ஒற்றை மறுமுறை இரட்டை என மாற்றி வைப்பவனும் தோற்பான், அம்முறையும் ஒளிந்திராது. எதிரி நினைப்பதை யான் நினைக்க, யான் அங்ஙனம் நினைப்பேன் என்பதை அவன் நினைக்க, அந்நினைவுச் சங்கிலிக்கு முடிவென்பதே இல்லை. தான் எதனை வைக்கப்போகின்றான் என்பதைத் தானும் முன்னரே அறியாதவன் எவனோ அவனே அவ்வாட்டத்திற் பிழைப்பான்.

சிறுவர் ஆட்டத்துட் கிடக்கும் இச்சிக்கலே வாணிகத்திலும் அரசியலிலும் கிடக்கின்றதென்று கண்டு, அதனை அவிழ்க்கும் வழியைத் தேடி அலைந்த பேராசிரியர் ஒருவரின் வரலாற்றையே ஈண்டு எழுதப் புகுந்தேன். கணிதமென்றால் அஞ்சித் தமிழ் வகுப்பில் அடைக்கலம் புகுந்த என்போன்றாருக்கு இது தகாத துணிவே. ஆயினும் அவரும் பிறவிக் கணிதர் அல்லர் என்பதே எனக்கு அத்துணிவைத் தந்தது.

ஆஸ்கர் மார்கென்ஸ்டெர்ன் 1902-ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 24-ஆம் நாள், ஜெர்மனியின் சைலீசியப் பகுதியிலுள்ள கெர்லிட்ஸ் என்னும் ஊரிற் பிறந்தார். அவர்தம் அன்னையார், ஜெர்மானியப் பேரரசர் மூன்றாம் பிரெடரிக்கின் மணவாழ்விற் சேராத மகளார் என்பது அக்குடும்பத்தார் வழிவழிக் கூறிவந்த செய்தி. இளமையிலேயே குடும்பம் வியன்னா நகரிற் குடியேறியது. அந்நகரப் பல்கலைக்கழகத்தில் 1925-இல் அவர் டாக்டர் பட்டம் பெற்றார். உடனே ராக்பெல்லர் உதவிச் சம்பளம் கிடைத்தது. அமெரிக்காவிலும் ஐரோப்பிய நாடுகளிலும் மூன்றாண்டு சுற்றிக் கற்றுத் திரும்பினார்.

திரும்பியதும் 1928-இல் வெளியிட்ட முதல் நூல், பொருளாதார நிலையை முன்னறிந்து கூறுதல் இயலுமா என்பது பற்றியது. இயலாது என்பதே இருபத்தாறு வயதினராகிய அவ்விளைஞர் கண்ட முடிபு. அவர் காட்டிய காரணம் எளிது. வானத்து மழையைப் பற்றி ஒருவன் முன்னறிந்து கூறின், அக்கூற்றைக் கேட்டு மழை தன் வழியை மாற்றிக்கொள்வதில்லை. மக்களோ அத்தகையர் அல்லர். அடுத்த திங்களில் கோதுமை விலை வீழும் என்று அறிஞர் அறிவித்தால், வைத்திருப்போர் இன்றே விற்க முற்படுவர், விலை இன்றே வீழும், முன்கூற்று பொய்த்துப்போம். நம் வேதநூலில் யோனா தீர்க்கதரிசியின் நிலை இதுவே யன்றோ? நாற்பது நாளில் நினிவே அழியுமென அவர் கூறினார், கூற்றைக் கேட்டமையாலேயே நகரத்தார் மனந்திரும்பினர், நகரம் அழியவில்லை. யோனா சினங்கொண்டு நகர்ப்புறத்தே அமர்ந்திருந்த காட்சியை நினைக்குந்தோறும் பொருளியல் அறிஞர்மீது எனக்கு இரக்கம் உண்டாகின்றது.

இக்கருத்தை விளக்க மார்கென்ஸ்டெர்ன் எடுத்துக்கொண்ட கதை, துப்பறியும் ஷெர்லக் ஹோம்ஸின் கதை. கொடியோனாகிய மொரியார்ட்டிக்குத் தப்பி ஹோம்ஸ் இலண்டனிலிருந்து டோவர்த் துறைமுகத்திற்குப் புகைவண்டியிற் செல்கின்றார். வண்டி இடையே காண்டர்பரியில் நிற்கும். மொரியார்ட்டி தனிவண்டி அமர்த்திப் பின்தொடர்கின்றான். ஹோம்ஸ் இடையில் இறங்குவதா, டோவர் வரை செல்வதா? இறங்குவார் என்று மொரியார்ட்டி எண்ணினால் அவனும் இறங்குவான். அவன் அங்ஙனம் எண்ணுவானென ஹோம்ஸ் எண்ணினால் மேற்செல்வார். கதாசிரியர் ஹோம்ஸை காண்டர்பரியில் இறக்கித் தப்புவித்துவிட்டார். மார்கென்ஸ்டெர்ன் அதனை ஒப்பவில்லை. இருவரும் சம அறிவினராயின் எண்ணி எண்ணியே ஓய்வரன்றி, அறிவினால் மட்டும் ஒரு முடிவிற்கு வாரார் என்பது அவர் வாதம். வினாவை எழுப்பினார், விடை அவரிடம் இல்லை. பதினைந்து ஆண்டுகள் அவ்வினா அவரை விடவில்லை.

முன்னறிதல் இயலாதென எழுதியவருக்கு வாய்த்த பதவியைக் கேட்பின் நகை தோன்றும். வியன்னாவில் மீசஸ், ஹாயெக் என்பார் 1927-இல் நிறுவிய வாணிகச் சுழற்சி ஆராய்ச்சி நிலையத்துக்கு, ஹாயெக் இலண்டன் சென்றபின் 1931-இல் அவரே தலைவரானார்! சந்தை ஏறுமா இறங்குமா என்று ஊரார் வினவுவதற்கென்றே அமைந்த இடம் அது. 1935-இல் பல்கலைக்கழகத்திற் பேராசிரியருமானார்.

அந்நிலையத்தில் ஆப்ரகாம் வால்ட் என்னும் இளங் கணிதர்க்கு அவர் வேலை கொடுத்தார். வால்ட் யூதராதலின் அக்காலத்து வியன்னாப் பல்கலைக்கழகத்தில் அவருக்கு இடமில்லை. வேலை கொடுத்ததோடு நில்லாது, மார்கென்ஸ்டெர்ன் அவரிடமே மாணாக்கராக அமர்ந்து கணிதம் கற்கலானார். தலைவர் தம்கீழ்ப் பணிபுரியும் இளைஞரை ஆசானாகக் கொள்வது எங்கும் காண்பதன்று. வால்ட் பின்னர் அமெரிக்காவிற் கொலம்பியா பல்கலைக்கழகத்திற் புள்ளியியற் பேராசிரியராய்ப் புகழ்பெற்று, இந்தியாவில் விரிவுரையாற்ற வந்தவிடத்து, 1950 டிசம்பரில் மனைவியாருடன் நம் நீலகிரி மலையில் வானூர்தி வீழ்ந்து மாண்டார். வியன்னாவில் மார்கென்ஸ்டெர்னுக்குக் கணிதம் சொல்லிக்கொடுத்தவர் உயிர்நீத்த இடம் நம் தமிழ்நாட்டு மலையே என்பதறிந்தபோது சிறிதுபோழ்து எழுதுகோலை வைத்துவிட்டேன்.

வியன்னாவில் கார்ல் மெங்கர் என்னும் கணிதப் பேராசிரியர் கூட்டிய அவையொன்று இருந்தது. 1935 அளவில் மார்கென்ஸ்டெர்ன் அவ்வவையிற் சென்று ஹோம்ஸ் வினாவை எடுத்துரைத்தார். கேட்டிருந்த செக் நாட்டுக் கணிதர் எடுவர்ட் செக் என்பார், இவ்வினாவையே ஜான் வான் நாய்மான் என்பவர் 1928-இல் ஆட்டங்களைப் பற்றிய கட்டுரையில் ஆராய்ந்துள்ளார் எனத் தெரிவித்தார். வினா எழுந்த ஆண்டும் விடை எழுந்த ஆண்டும் ஒன்றே, ஒருவரையொருவர் அறியார். ஆயினும் அவ்விருவரும் சந்திக்க ஒரு நாடே அழியவேண்டியிருந்தது.

1938-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் மார்கென்ஸ்டெர்ன் விருந்தினராக அமெரிக்கா சென்றார். மார்ச்சுத் திங்களில் ஹிட்லர் படைகள் ஆஸ்திரியாவிற் புகுந்தன. புதிய ஆட்சியினர் அவரை அரசியற் காரணத்தால் பதவியினின்று நீக்கினர். அவர் யூதர் அல்லர். பணிந்து போயிருப்பின் ஒருவேளை திரும்பியிருக்கலாம். பணியவில்லை. முப்பத்தாறு வயதில், பதவியும் நூல்களும் நண்பரும் கடலுக்கு அப்பால் நிற்க, பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் குறுகிய கால ஆசிரியப் பணியொன்றை ஏற்றார். அவர் பிரின்ஸ்டனைத் தேர்ந்தமைக்கு ஒரு காரணம், வான் நாய்மான் அவ்வூரில் உயர்நிலை ஆய்வுக் கழகத்தில் இருந்தமையே.

1939-இன் தொடக்கத்தில் இருவரும் பழகலாயினர். வான் நாய்மான் புடாபெஸ்டிற் பிறந்தவர்; கணிதத்தில் அவர்க்கு நிகர் அக்காலத்து மிகச் சிலரே. முதலில் மார்கென்ஸ்டெர்ன், பொருளியலார்க்கு ஆட்டக் கணிதத்தை அறிமுகப்படுத்தும் சிறு கட்டுரை ஒன்று எழுதிக் காட்டினார். நண்பர் படித்துப் பார்த்து, இது போதாது, இன்னும் விரிக்கவேண்டும் என்றார். விரித்துக் காட்டியபின், இருவரும் சேர்ந்தே எழுதுவோம் என்றார். கட்டுரை சிறுநூலாயிற்று. சிறுநூல் நூறு பக்கமென அச்சகத்தாரிடம் பேசப்பட்டது. போர் மூண்டு வான் நாய்மான் அரசாங்கப் பணிக்கென அடிக்கடி வாஷிங்டன் செல்லவேண்டியிருந்தும், ஊரில் உள்ள நாட்களிலெல்லாம் இருவரும் ஒன்றாயமர்ந்து எழுதினர். 1944-இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக அச்சகம் வெளியிட்டபோது நூல் 600 பக்கங்களைக் கடந்திருந்தது. முடிவின்றி நீண்ட இப்பணியால் சலிப்புற்ற வான் நாய்மான் மனைவியார், யானை இடம்பெறாதவரை இந்நூலோடு தமக்கு உறவில்லை என்று விளையாட்டாய்க் கூறினாராம். அவர் யானைப் பொம்மைகளிற் பெருவிருப்புடையவர். ஆசிரியர் இருவரும் அஞ்சிப்போலும், கணிதப் படமொன்றின் கோடுகளுக்குள் யானை உருவை ஒளித்துவைத்தனர். இன்றும் அந்நூலிற் காணலாம்.

ஹோம்ஸ் வினாவுக்கும் அந்நூலில் விடை கிடைத்தது. ஒவ்வொரு முடிவுக்கும் மதிப்பெண் இட்டு அவர்கள் கணக்கிட்டனர். மொரியார்ட்டி ஹோம்ஸைப் பிடித்தால் அவனுக்கு 100. ஹோம்ஸ் டோவரில் கப்பலேறித் தப்பினால் அவனுக்கு 50 நட்டம். ஹோம்ஸ் காண்டர்பரியில் இறங்க அவன் டோவர் சென்றுவிட்டால், வெற்றியும் இல்லை தோல்வியும் இல்லை. இவ்வளவையும் கொண்டு பார்க்குங்கால், மொரியார்ட்டி நூற்றுக்கு 60 பங்கு டோவருக்கும் 40 பங்கு காண்டர்பரிக்குமாகச் சீட்டுக் குலுக்கிச் செல்லவேண்டும். ஹோம்ஸோ 60 பங்கு காண்டர்பரியில் இறங்கவும் 40 பங்கு டோவர் செல்லவும் சீட்டுக் குலுக்கவேண்டும். யாரேனும் இவ்வளவை மீறினால் மற்றவன் அதனால் ஆதாயம் அடைவான். முடிவற்ற நினைவுச் சங்கிலி இங்ஙனம் அறுந்தது; எதிரியின் உள்ளத்தை ஊகிக்கவேண்டிய தேவையே இல்லாது போயிற்று. இருவரும் ஓரிடத்தே சேரும் வாய்ப்பைப் பெருக்கிப் பார்த்தால் நூற்றுக்கு 48 வரும். ஆகவே, வண்டி இலண்டனை விட்டுப் புறப்படும்போதே ஹோம்ஸ் ஏறத்தாழப் பாதி இறந்தவரே! இக்கணக்கை யானே ஒருமுறை தாளில் இட்டுப் பார்த்தேன், சரியாகவே வந்தது. அன்று அடைந்த மகிழ்ச்சியைக் கணித வகுப்பில் ஒருநாளும் யான் அடைந்ததில்லை.

அந்நூலில் மார்கென்ஸ்டெர்னின் பங்கு யாது என்று பலர் வினவியுள்ளனர். கணிதம் முழுவதும் வான் நாய்மானுடையதே என்பதில் ஐயமில்லை; அவரே அதனை மறுத்தவரல்லர். ஆயினும் வான் நாய்மான் 1928-இற் கட்டுரை எழுதியபின் பத்தாண்டுக்கு மேல் அப்பொருளைப் பெரிதாய் வளர்க்கவில்லை. சந்தையும் ஆட்டமே, வணிகனும் எதிரி நினைப்பதை நினைப்பவனே என்று விடாது நச்சரிக்க ஒருவர் வேண்டியிருந்தது. தம்மாற் கணக்கிட இயலாதென அறிந்தும், இயன்றவரிடம் சென்று நாணாது கேட்டவர் அவர். ஒரு வினாவைப் பதினைந்து ஆண்டு சுமப்பதும் அறிவுத்தொழிலே என்று யான் கருதுகின்றேன். இதனை மறுப்பாரும் உளர்.

1946 மார்ச்சில் நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் தன் முதற்பக்கத்திலேயே இந்நூலைப் பற்றி எழுதியது. படிகள் விரைவில் விற்றுத் தீர்ந்தன. 1947-இல் இரண்டாம் பதிப்பு வந்தது. ஆனால் பிரின்ஸ்டனில் அவர்தம் சொந்தப் பொருளியற் றுறையார் அதனைப் பெரிதும் பொருட்படுத்தவில்லை. நூலைக் கையிலெடுத்தவர் அடுத்த கட்டிடத்துக் கணித மாணவரே. அவருள் ஒருவர் ஜான் நாஷ். 1950-இல் அவர் தந்த சிறு ஆய்வுரை இத்துறையை வேறொரு திசையில் திருப்பியது. பொருளியலுக்கான நோபல் நினைவுப் பரிசில் 1969-இலேதான் தொடங்கிற்று; வான் நாய்மான் 1957-இலேயே இறந்துவிட்டார். மார்கென்ஸ்டெர்ன் மேலும் எட்டாண்டு உயிரோடிருந்தும் அது அவர் வாயிலுக்கு வரவில்லை. ஆட்டக் கோட்பாட்டிற்கென நாஷ் முதலிய மூவர் அதனைப் பெற்றது 1994-இல்.

1950-இல் அவர் வெளியிட்ட மற்றொரு நூல், அரசாங்கங்கள் அச்சிடும் எண்களை எவ்வளவு நம்பலாம் என்பது பற்றியது. ஒரு நாடு அனுப்பியதாய்க் கூறும் பொன்னின் அளவும், அதனைப் பெற்ற நாடு பெற்றதாய்க் கூறும் அளவும் ஒவ்வாதிருத்தலை அட்டவணையிட்டுக் காட்டினார். அவர் எடுத்துக்காட்டிய பல்கேரியப் பன்றிக் கணக்கு சுவையானது. 1910 சனவரி முதல்நாளில் ஐந்து லட்சத்திற்குச் சற்று மேலிருந்த பன்றிகள், 1920 சனவரி முதல்நாளில் பத்து லட்சத்தைக் கடந்திருந்தன. பத்தாண்டில் பன்றிச் செல்வம் இரட்டித்தது என்று மகிழலாமோ? இடையில் அந்நாட்டரசு நாட்காட்டியை மாற்றிவிட்டது. திருச்சபையோ கிறிஸ்து பிறப்பைப் பழைய கணக்கின்படியே 13 நாள் தாழ்த்துக் கொண்டாடியது. முன்னர்ப் பண்டிகைக்குப் பன்றிகளை அறுத்தபின் எண்ணினர். பின்னர் அறுக்குமுன் எண்ணினர். வேறுபாடு அவ்வளவே.

அணுப்படை பற்றியும் 1959-இல் அவர் நூலெழுதினார். இரு வல்லரசுகள் ஒன்றையொன்று அஞ்சி நிற்கும் நிலையையும் ஆட்டமாகவே அவர் பார்த்தார். இப்பகுதி எனக்கு உவப்பாயில்லை. ஹோம்ஸுக்கு இட்ட 100-உம் 50-உம் கதைமாந்தர்க்கு இட்டவை. நகரங்களுக்கு அங்ஙனம் எண்ணிடும்போது நெஞ்சம் நடுங்குகின்றது.

அவர் நட்பைப் பற்றிக் கூறாது விடல் ஒண்ணாது. வியன்னாவிலிருந்து வந்த பெருங் கணித அறிஞர் குர்ட் கெடல் பிரின்ஸ்டனில் இருந்தார். 1947 டிசம்பர் 5-ஆம் நாள் அவர் அமெரிக்கக் குடியுரிமை கோரி டிரென்டன் நகர நீதிபதிமுன் செல்லவேண்டியிருந்தது. சாட்சிகள் இருவர்: ஐன்ஸ்டைனும் மார்கென்ஸ்டெர்னும். கெடல் அரசியற் சட்டத்தை வரிவரியாய்ப் படித்து, அதன்வழியே ஒருவன் சர்வாதிகாரியாகலாம் என்னும் ஓட்டையைக் கண்டுபிடித்திருந்தார்! அதனை வாய்திறந்து கூறவேண்டா என நண்பர் இருவரும் மன்றாடினர். வண்டியை ஓட்டியவர் மார்கென்ஸ்டெர்ன். தேர்வுக்கு நன்றாய் ஆயத்தமா என்று வழியெல்லாம் சீண்டியவர் ஐன்ஸ்டைன். நீதிபதியோ, ஆஸ்திரியாவில் நேர்ந்த கொடுங்கோன்மை இந்நாட்டில் நேராது என்று ஆறுதலாய் ஒரு சொற் சொல்ல, நேரும், அதனை நிறுவுவேன் என்று கெடல் தொடங்கிவிட்டார். நல்லவேளையாக நீதிபதி பெருந்தகை; பேச்சை வேறுபக்கம் திருப்பிவிட்டார்.

1970-இல் பிரின்ஸ்டனில் ஓய்வுபெற்ற மார்கென்ஸ்டெர்ன் நியூயார்க் பல்கலைக்கழகத்திற் சின்னாள் கற்பித்தார். பின்னர்ப் புற்றுநோய் கண்டது. அந்நாட்களில் மனந்தளர்ந்திருந்த கெடல், தமக்கு உதவ வேறெவரும் இல்லையென நாள்தோறும் தொலைபேசியில் அவரை அழைத்துக்கொண்டேயிருந்தார். தாம் சாகக்கிடக்கின்றோம் என்பதை நண்பர் உணரவில்லை என்று கண்டும், மார்கென்ஸ்டெர்ன் அவர் அழைப்பை மறுக்கவில்லை. 1977 சூலை 26-ஆம் நாள் அவர் பிரின்ஸ்டனில் இறந்தார். கெடல் அடுத்த சனவரியில் இறந்தார்.