மாறுபாட்டிலும் மாறாத கேண்மை: திரு.வி.கலியாணசுந்தரனார்

தேர்தல் வந்துற்றால் அண்ணன் ஒரு பக்கமும் தம்பி ஒரு பக்கமும் நிற்பதும், அன்று மூண்ட சினம் கலியாணப் பந்தல் வரையில் தொடர்வதும் நம் குடும்பங்களிற் காணாத காட்சியல்ல. கருத்து வேறுபடுதல் குற்றமன்று. அதன் பொருட்டுக் கேண்மையை முறித்தலே குற்றமாம். இவ்வுண்மையை வாழ்ந்து காட்டியவர் திரு.வி.க. அவர்தம் சரிதத்தை நம் சங்கத்துச் சகோதர சகோதரிகள் ஒருமுறை நினைவு கூர்தல் நலம்.

செங்கற்பட்டுச் சீமையைச் சார்ந்த துள்ளம் என்னும் சிற்றூரில் 1883ஆம் ஆண்டு ஆகஸ்டு 26ஆம் நாள் அவர் பிறந்தார். சென்னை இராயப்பேட்டை வெஸ்லி பள்ளியிற் பயிலுங்கால், யாழ்ப்பாணம் நா.கதிரைவேற் பிள்ளை அவர்க்குத் தமிழாசானாக வாய்த்தார். அந்நாளில் இராமலிங்க அடிகளின் பாடல்கள் அருட்பாவா மருட்பாவா என்னும் வழக்குச் சைவ உலகை இரண்டாகப் பிளந்திருந்தது. கதிரைவேலர் மருட்பாக் கட்சியினர், மறைமலையடிகள் எதிர்க்கட்சியினர். ஆசிரியர் பொருட்டு நீதிமன்றில் சாட்சி கூற நேர்ந்தமையால், 1904இல் மாணவர் தம் தேர்வையே எழுதாது விட்டார். கட்சிப் பற்றின் வன்மையை அவர் இளமையிலேயே அறிந்தவர் என்க.

எனினும் அப்பற்று அவர் கண்ணை என்றும் மறைத்து நிற்கவில்லை. ஆண்டுகள் சென்றபின் அடிகளாரின் நூல்களிற் றோய்ந்து, இராமலிங்க சுவாமிகள் திருவுள்ளம் என்னும் நூலை அவரே எழுதினார். ஆசானிடத்து வைத்த அன்பும் அதனாற் குறையவில்லை.

1917இல் தேசபக்தன் ஆசிரியராயினார். 1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றத் துணைநின்றார். 1920 முதல் நவசக்தியை நடத்தினார். ஈ.வெ.ராமசாமிப் பெரியாரும் அவரும் காங்கிரஸில் உடனுழைத்த நண்பர்கள். வைக்கம் போரில் ஈடுபட்ட பெரியாரை வைக்கம் வீரர் எனப் பாராட்டியது நவசக்தியே.

அந்நட்புக்குச் சோதனை 1925ஆம் ஆண்டு நவம்பரில் வந்தது. காஞ்சீபுரத்திற் கூடிய தமிழ்நாடு காங்கிரஸ் மாநாட்டிற்குத் திரு.வி.க. தலைவர். வகுப்புவாரிப் பிரதிநிதித்துவத் தீர்மானத்தைப் பெரியார் கொணர்ந்தார். தலைவர் அதனை அனுமதித்தாரிலர். பெரியார் மாநாட்டை விட்டு வெளியேறினார், காங்கிரஸையும் துறந்தார். அத்தீர்ப்பு முறையோ அன்றோ என வழக்காடுவோர் இன்றும் உளர். அன்று பிளந்தது தமிழ்நாட்டு அரசியலே என்பதில் ஐயமில்லை.

பின்னர்க் குடி அரசும் நவசக்தியும் எதிரெதிர் நின்றன. ஒருவர் கடவுளை மறுத்தார். மற்றவர் முருகனை அழகெனக் கண்டு போற்றினார். இத்துணை வேறுபாடுடைய இருவர் பகைவராதல் உலகியல்பு. ஆயின் நிகழ்ந்தது வேறு. 1944இல் வெளிவந்த வாழ்க்கைக் குறிப்புகளில் திரு.வி.க. பெரியாரைப் பற்றி அன்பொழுகவே எழுதினார். தம் கொள்கையை அவர் விட்டுக்கொடுத்தாரிலர், நண்பரையும் விட்டாரிலர்.

1948இல் சென்னையில் இந்தி எதிர்ப்பு மாநாடு கூடிற்று. ஆண்டுபல அரசியலிற் பிரிந்து நின்ற திரு.வி.க.வும் பெரியாரும் அதிற் பங்குகொண்டனர். தலைமை வகித்தவர் மறைமலையடிகள். முன்னொரு காலத்தில் தம் ஆசானை எதிர்த்து நின்றவர் தலைமையில், தம் தீர்ப்பை வெறுத்து வெளியேறிய நண்பருடன் அவர் அமர்ந்தார். பகையைச் சுமந்து திரிந்தவராயின் இக்காட்சி கூடியிருக்குமோ?

முதுமையிற் கண்ணொளி மறைந்தது. பிறர் எழுதத் தாம் சொல்லி நூல் செய்தார். 1953ஆம் ஆண்டு செப்டம்பர் 17ஆம் நாள் இயற்கை எய்தினார்.

அன்பர்காள்! கொள்கையில் உறுதி வேண்டா என்று இச்சரிதம் கூறவில்லை. காஞ்சியில் அவர் நண்பர்க்காகத் தம் கருத்தை மறைத்தாரிலர். தீர்மானத்தை மறுத்தார்; மனிதரை மறுத்தாரிலர். இவ்விரண்டிற்குமுள்ள வேறுபாட்டை உணர்தலே நாகரிகம். நம் சங்கக் கூட்டங்களில் வழக்கு மூளுங்கால் பொருளைப் பற்றிப் பேசுவோமாக. எதிர்நின்றாரின் குடியையும் நடத்தையையும் இழுத்துப் பேசாதொழிவோமாக. மாற்றுக் கட்சியாரின் வீட்டு மணத்திற்கும் துக்கத்திற்கும் தவறாது செல்வோமாக. தேர்தல் ஐந்தாண்டுக்கு ஒருமுறை வரும். உறவோ என்றும் வேண்டப்படுவது.