கடலைத் தொட்டிக்குள் கொண்டுவந்த பிலிப் ஹென்றி கோஸ்

மீன்தொட்டிக்கு ‘அக்குவாரியம்’ என்ற பெயர் நிலைத்ததற்கு முக்கிய காரணம், 1854இல் அதே தலைப்பில் வெளிவந்த ஓர் ஆங்கில நூல். அதை எழுதிய பிலிப் ஹென்றி கோஸ், கடற்கரையைப் படிப்பறைக்குள் கொண்டுவரலாம் என்று சாதாரண மக்களுக்குக் காட்டியவர். அதன் விலை என்ன என்பதையும் தன் வாழ்நாளிலேயே பார்த்தவர்.

நான் இவரைத் தேடிப் படித்ததற்குக் காரணம் ஒரு பழைய தொட்டி. மூலையில் கசிந்துகொண்டிருந்த நன்னீர்த் தொட்டியின் சிலிக்கனைச் சுரண்டி, புதிதாக ஒட்டி, அதைச் சிறிய முருகைக்கல் தொட்டியாக மாற்றும் வேலையில் இறங்கியிருக்கிறேன். பலாங்கொடையிலிருந்து கடலுக்குப் போக மலையிறங்கிப் பல மணிநேரம் பயணிக்கவேண்டும். கடலில்லாத ஊரில் கடல்நீருக்கு என்ன செய்வது? கோஸுக்கும் இதே கேள்விதான் இருந்தது.

1810இல் இங்கிலாந்தின் வூஸ்டர் நகரில் பிறந்தார். தந்தை ஊர் ஊராகச் சென்று சிற்றுருவப் படங்கள் வரைந்தவர். பூல் என்ற துறைமுக ஊரில் வளர்ந்த மகன், 17 வயதில் எழுதுவினைஞராக நியூபவுண்ட்லாந்துக்குக் கப்பலேறினார். ஓய்வு நேரமெல்லாம் பூச்சிகளைச் சேகரித்து வரைந்தார். பிறகு கனடாவில் விவசாயம் செய்தார், அது கைகொடுக்கவில்லை. அலபாமாவில் ஆசிரியராக இருந்தார். 1839இல் ஊர் திரும்பி எழுத்தையே தொழிலாக்கிக்கொண்டார். 1844 முதல் 1846 வரை ஜமெய்க்காவில் பறவைகளை ஆராய்ந்தார்.

1852இல் உடல்நலம் தேடி டெவன் கடற்கரைக்குப் போனதுதான் திருப்பம். அதற்கு இரண்டு வருடங்களுக்கு முன்னர், நீர்த்தாவரங்களையும் நத்தைகளையும் சேர்த்து வைத்தால் நன்னீர்த் தொட்டியில் மீன் நீண்டகாலம் வாழும் என்று இரசாயனவியலாளர் ரொபர்ட் வொரிங்டன் காட்டியிருந்தார். இலண்டனில் அன்னா தின் என்ற பெண்மணி 1846 முதலே முருகைகளை வீட்டில் வளர்த்தார். கோஸ் இந்த வழியில் இன்னும் தூரம் போனார். 1853இல் இலண்டன் விலங்குக்காட்சிச்சாலை திறந்த மீன் இல்லத்துக்குக் கடலுயிர்களைச் சேகரித்துக் கொடுத்தார்.

கடலிலிருந்து பீப்பாயில் நீர் கொண்டுவருவது செலவும் தொல்லையுமாக இருந்தது. எனவே சமையல் உப்பு, எப்சம் உப்பு, மகனீசியம் குளோரைட்டு, பொற்றாசியம் குளோரைட்டு ஆகிய நான்கையும் கலந்து செயற்கைக் கடல்நீர் தயாரித்தார். கடற்பாசி ஒட்டிய கற்களை அதில் இட்டு, சில நாட்கள் பொறுத்திருந்து, அதன் பிறகே விலங்குகளை விட்டார். பாசி ஒட்சிசன் கொடுக்கும் என்பது அவருடைய கணக்கு. அந்தக் கற்களோடு வந்த பக்டீரியாக்கள் அமோனியாவை நைத்திரேற்றாக மாற்றும் என்பது அன்று தெரியாத விடயம். இன்று என் தொட்டி காத்திருப்பதும் அந்தப் பக்டீரியாக்கள் பெருகுவதற்குத்தான். அதற்கு நான்கு முதல் ஆறு வாரங்கள் வேண்டும்.

இன்று கடைகளில் கிடைக்கும் கடலுப்புக் கலவையில் கல்சியமும் சேர்ந்திருக்கும். முருகை தன் எலும்புக்கூட்டைக் கட்டுவதற்கு அது அவசியம். ஒரு லீற்றர் நீருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. நன்னீரிலிருந்து மாறுகிறவர்கள் கவனிக்கவேண்டிய இன்னொன்று செப்பு. மீன்களின் வெண்புள்ளி நோய்க்கு ஊற்றிய செப்பு மருந்தின் எச்சம் பழைய கற்களிலும் மணலிலும் தங்கியிருக்கலாம். முருகைக்கும் இறாலுக்கும் அது நஞ்சு. அதனால் பழைய கற்களையும் மணலையும் முழுவதுமாக நீக்கிவிட்டேன்.

கோஸின் புகழ் உச்சத்திலிருந்த நேரத்தில் வீட்டில் துயரம் புகுந்தது. 1857 பெப்ரவரியில் மனைவி எமிலி புற்றுநோயால் இறந்தார். அவர்களுடைய மகன் எட்மண்டுக்கு அப்போது ஏழு வயது. அதே ஆண்டு, பூமியின் வயதை வேதாகமத்தோடு பொருத்த முயன்று கோஸ் எழுதிய ‘ஓம்பலோஸ்’ நூலை விஞ்ஞானிகளும் ஏற்கவில்லை, மதவாதிகளும் ஏற்கவில்லை. அவர் மீண்டும் கடலுயிர்களிடமே திரும்பினார். பிரித்தானியாவின் கடல் அனிமனிகளையும் முருகைகளையும் பற்றிய பெருநூலை 1860இல் முடித்தார்.

இதற்கிடையில் அவருடைய நூல்களைப் படித்தவர்கள் கூடையும் உளியுமாகக் கடற்கரைகளுக்குப் படையெடுத்தார்கள். பாறைக்குழிகள் வெறுமையாயின. தான் மூட்டிய ஆர்வமே அந்தக் கரையை அழித்தது என்பது தந்தையை வருத்தியதாக, எட்மண்ட் 1907இல் வெளியிட்ட நினைவுநூலில் பதிவுசெய்தார். கோஸ் 1888 ஒகஸ்டில் டெவனிலேயே காலமானார்.

நம்முடைய கடல் அந்த அனுபவத்தை இன்னொரு முறை தாங்காது. 1998இல் கடல் சூடேறியபோது ஹிக்கடுவையின் முருகைகள் வெளிறி மடிந்தன. சுண்ணாம்புக்காக உடைத்தது போக மிஞ்சியவையும் அப்போது அடிபட்டன. அதனால் என் தொட்டிக்கு ஒரு நிபந்தனை வைத்திருக்கிறேன். தொட்டியிலேயே வளர்த்து வெட்டிய முருகைத் துண்டு என்று விற்பவர் உறுதியாகக் காட்டினால் வாங்குவேன். காட்டமுடியாவிட்டால், உப்புநீரும் செயற்கைக் கற்களும் மட்டுமே உள்ள தொட்டியாக அது இருந்துவிட்டுப் போகட்டும்.