தவறான விடைகளை ஆராய்ந்த மேதை: ழான் பியாஜே



வகுப்பில் ஆசிரியர் கேட்ட வினாவுக்குத் தவறான விடை கூறிவிட்டு, நண்பர்கள் நகைக்கத் தலைகுனிந்து நின்ற அனுபவம் நம்மில் பலருக்கு உண்டு. அத்தகைய தவறான விடைகளையே ஆராய்ச்சிப் பொருளாகக் கொண்டு, பள்ளிகளில் அறிவியல் கற்பிக்கும் முறைக்குப் புதுவழி பிறக்கக் காரணமாக விளங்கினார் ஓர் அறிஞர். அவரே ழான் பியாஜே. அன்னாரின் வரலாற்றை நாம் இங்குக் காண்போம்.

பியாஜே 1896ஆம் ஆண்டு ஆகஸ்டு 9ஆம் நாள் சுவிட்சர்லாந்து நாட்டின் நூஷாத்தெல் நகரில் பிறந்தார். தந்தையார் இலக்கியப் பேராசிரியர். மைந்தரின் நாட்டமோ இயற்கையின்பால் சென்றது. ஒருநாள் பூங்காவில், உடலில் வெண்மை படர்ந்த சிட்டுக்குருவி ஒன்றைக் கண்ட சிறுவர், கண்டவாறே ஒரு குறிப்பு எழுதினார். அது 1907இல் இதழ் ஒன்றில் அச்சேறியது. அப்பொழுது அவருக்கு ஏறத்தாழப் பதினொரு வயது. பின்னர் நகர அருங்காட்சியகத்தின் தலைவருக்கு உதவியாளராகச் சென்று, நத்தை, சிப்பி இனங்களை வகைப்படுத்தக் கற்றார். 1918இல் நத்தையினங்களை ஆராய்ந்தே முனைவர் பட்டமும் பெற்றார்.

1919இல் அவர் பாரிஸ் நகருக்குச் சென்றார். அங்கே பள்ளிப் பிள்ளைகளின் அறிவாற்றலை அளக்கும் தேர்வு ஒன்றைச் சீர்செய்யும் பணி அவருக்குக் கிடைத்தது. சரியான விடைகளை எண்ணிக் கணக்கிடுவதே அந்த வேலை. ஆனால், பியாஜேயின் கருத்தைக் கவர்ந்தவை தவறான விடைகளே. ஒத்த வயதுடைய பிள்ளைகள் பலர் ஒரே வகையான தவற்றைச் செய்வதை அவர் கண்டார். அறியாமையால் வாய்க்கு வந்ததைக் கூறினால், ஆளுக்கொரு விதமாக அன்றோ கூறவேண்டும்? ஆகவே, அத்தவறுகளுக்குப் பின்னால் ஒரு சிந்தனை முறை இருக்கவேண்டும் என்று அவர் உணர்ந்தார்.

1921இல் ஜெனிவா நகரில் ஆராய்ச்சிப் பணியை ஏற்றார். நத்தைகளைப் பொறுமையோடு நோக்கிய அதே கண்கொண்டு குழந்தைகளையும் நோக்கினார். அவர்களோடு அமர்ந்து உரையாடினார். விடை கூறிய பிள்ளையிடம் காரணத்தையும் கேட்டார். நாம் நடந்தால் நிலவும் நம்முடன் நடந்து வருகிறது, அசைகின்ற கதிரவனுக்கும் உயிருண்டு என்றெல்லாம் சிறுவர்கள் கூறியதை ஏளனம் செய்யாது குறித்துக்கொண்டார். தம்முடைய மூன்று மக்களின் வளர்ச்சியையும் துணைவியாருடன் சேர்ந்து பிறந்த நாள்தொட்டுக் கவனித்து எழுதிவைத்தார்.

அவர்தம் சோதனைகளுள் ஒன்று மிகவும் எளியது. ஒரே அளவான இரண்டு குவளைகளில் சமமாக நீரை ஊற்றுவார். குழந்தை இரண்டும் சமமென்று ஒப்புக்கொள்ளும். பின்னர் ஒரு குவளையின் நீரை, குழந்தையின் கண்முன்னே உயர்ந்து ஒடுங்கிய வேறொரு குவளைக்கு மாற்றுவார். ஐந்து வயதுக் குழந்தை பெரும்பாலும் உயர்ந்த குவளையில்தான் நீர் அதிகம் என்று கூறும். ஏழு, எட்டு வயதுப் பிள்ளையோ நீர் கூடவுமில்லை, குறையவுமில்லை என்று காரணத்தோடு கூறும்.

களிமண் உருண்டையை நீட்டி உருட்டியும் அவர் சோதித்தார். மண்ணின் அளவு மாறவில்லை என்று எட்டு வயதில் கூறும் பிள்ளை, எடை மாறிவிட்டது என்று சாதிப்பதுண்டு. எடை மாறாமையை உணர மேலும் ஓரிரண்டு ஆண்டுகள் ஆகும். அறிவு ஒரே நாளில் கொட்டி நிரப்பப்படுவதன்று. பிள்ளை தானே படிப்படியாகக் கட்டியெழுப்புவது என்பதே அவர் கண்ட உண்மையாகும்.

பியாஜே பாடத்திட்டம் வகுத்தவர் அல்லர். எனினும், அவருடைய ஆய்வுகளைப் பிறர் பயன்படுத்தினர். 1960களில் கலிபோர்னியாவில் இயற்பியல் பேராசிரியர் ராபர்ட் கார்ப்ளஸ், தொடக்கப்பள்ளி வகுப்புகளில் தாமே பாடம் நடத்திப் பார்த்து, பியாஜேயின் கருத்துகளின் துணையோடு புதிய அறிவியல் பாடங்களை உருவாக்கினார். அதன்படி, மாணவர் முதலில் பொருள்களைக் கையாண்டு ஆராய்வர். அதன்பின்னரே ஆசிரியர் அறிவியல் கருத்தையும் அதன் பெயரையும் விளக்குவார். முடிவில் மாணவர் அக்கருத்தை வேறோர் இடத்தில் பொருத்திப் பார்ப்பர். இங்கிலாந்திலும் 1967இல் தொடங்கிய தொடக்கப்பள்ளி அறிவியல் திட்டமொன்று அவருடைய கருத்துகளை அடிப்படையாகக் கொண்டது.

பியாஜேயின் முடிவுகள் அனைத்தும் அப்படியே நிலைத்துவிடவில்லை. வினாவை எளிதாக்கிக் கேட்டால், அவர் கூறியதைவிட இளம் வயதிலேயே பிள்ளைகள் சரியாகச் சிந்திக்கின்றனர் என்று பின்வந்த ஆய்வாளர்கள் காட்டினர். ஆனால், அவர்களும் பிள்ளைகளின் விடைக்குள் ஒளிந்திருக்கும் காரணத்தைத் தேடியே அதனைக் கண்டனர். அவ்வழியைக் காட்டியவர் பியாஜே. இறுதிவரை எழுதியும் ஆய்ந்தும் வந்த அன்னார், 1980ஆம் ஆண்டு செப்டம்பர் 16ஆம் நாள் ஜெனிவாவில் மறைந்தார்.

பெற்றோர்களே! தோட்டத்தில் உழைப்பவராயினும் அலுவலகத்தில் பணிபுரிபவராயினும், அதிகம் படித்தவராயினும் படிக்காதவராயினும், நம் வீட்டிலும் இரண்டு குவளைகளும் சிறிது நீரும் உண்டு. பிள்ளை தவறாகக் கூறும்போது மக்கு என்று ஏசிவிட்டால், அப்பிள்ளை அன்றோடு வாய்மூடிக்கொள்ளும். ஏன் அப்படி நினைக்கிறாய் என்று அன்போடு கேட்டால், அது மேலும் சிந்திக்கும். மாணவச் செல்வங்களே! நீங்களும் தவறிவிடுவோமோ என அஞ்சாமல் கையை உயர்த்துங்கள். செய்து பாருங்கள், காரணம் கூறுங்கள். அறிவியல் அங்கேதான் தொடங்குகிறது.