முப்புரி கண்ட பேரறிஞர்
(ஜி. என். இராமச்சந்திரன் சரிதம்)

மக்கள் யாக்கை எலும்பும் தசையும் குருதியும் கூடியது என்பதை யாவரும் அறிவர். ஆயின் அவற்றையெல்லாம் ஒன்றோடொன்று பிணித்து நிறுத்தும் நார் ஒன்று உண்டு என்பதையும், அந்நார் மூன்று இழைகளால் முறுக்கப்பட்டது என்று உலகிற்கு எடுத்துரைத்தவர் நம் சென்னை மாநகரில் இருந்து பணியாற்றிய ஒரு பேராசிரியர் என்பதையும் அறிந்தார் சிலரே. அவர்தாம் கோபாலசமுத்திரம் நாராயண ஐயர் இராமச்சந்திரன் என்பார். புலவர் சரிதங்களைப் போற்றிப் பயிலும் நாம் இவ்வறிஞர் சரிதத்தையும் அறிந்துகொள்ளுதல் கடனாகும்.

இவர் 1922ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 8ஆம் நாள் எர்ணாகுளத்தில் பிறந்தார். தந்தையார் அந்நகரத்து மகாராஜா கல்லூரியில் கணிதம் கற்பித்தவர். ஆதலின் எண்ணும் கணக்கும் இவருக்கு இல்லத்திலேயே வாய்த்தன. பின்னர்த் திருச்சிராப்பள்ளியில் இயேசு சபைத் துறவியர் நடத்தும் தூய வளனார் கல்லூரியை அடைந்து, பௌதிக நூலில் ஆனர்ஸ் வகுப்பிற் பயின்று, 1942இல் பட்டம் பெற்றார். நம்முடையது போன்றதொரு மிஷன் கல்லூரியின் மாணாக்கர் இவர் என்பது நமக்கு உவகை தருவதன்றோ?

அவ்வாண்டிலேயே பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் மின்சாரப் பொறியியல் பயிலப் புகுந்தார். அங்கே பௌதிகத் துறையில் வீற்றிருந்த சர் சி. வி. இராமன் இவருடைய மதிநுட்பத்தைக் கண்டு, தம் துறைக்கே இவரை வாங்கிக்கொண்டார். படிகங்களைப் பற்றிய ஆராய்ச்சிக்காக 1947இல் டி.எஸ்ஸி. பட்டம் பெற்றபின், இங்கிலாந்து தேயத்துக் கேம்பிரிட்ஜ் நகரம் சென்று, இரண்டாண்டு கழித்து மற்றுமொரு பட்டத்துடன் மீண்டார். ஒரு பட்டம் பெற்றதும் கல்வி முடிந்தது என்று எண்ணாத உள்ளம் இவருடையது.

1952இல் சென்னைப் பல்கலைக்கழகம் பௌதிகத் துறையின் தலைமையை இவருக்கு வழங்கியது. அப்போது துணைவேந்தராக விளங்கியவர் டாக்டர் ஆ. இலக்குமணசுவாமி முதலியார், இவரைப் பரிந்துரைத்தவர் இராமன். தலைமை ஏற்ற ஞான்று இவருக்கு அகவை முப்பதும் நிரம்பவில்லை. எப்பொருளை ஆராய்வது என்று இவர் எண்ணியிருந்த வேளையில், இங்கிலாந்திலிருந்து பெர்னல் என்னும் அறிஞர் சென்னைக்கு வந்தார். கொலாஜன் என்னும் புரதத்தின் வடிவம் இன்னும் துணியப்படவில்லை என்பதை அவர் வாயிலாக இவர் அறிந்தார்.

கொலாஜன் யாது? தோலிலும் தசைநாணிலும் எலும்பிலும் குருதிக் குழாயின் சுவரிலும் நிறைந்துள்ள நார்ப்புரதம் அது. நம் உடலிலுள்ள புரதங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இதுவே. தோல் பதனிடுவார் காப்பதும் இதனையே. தச்சர் மரத்தை ஒட்டக் காய்ச்சும் வச்சிரப் பசையும் இதிலிருந்து பெறுவதே. இராமச்சந்திரனுடைய ஆய்வுக்கூடத்திற்கு அருகே, அடையாற்றில், மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் இருந்தமை நற்பேறாயிற்று. இவரும் கோபிநாத் கர்த்தா என்னும் துணைவரும் கங்காருவின் வால் நாண்மீது எக்ஸ் கதிர்களைச் செலுத்தி, அவை சிதறி விழுந்த சுவடுகளைக் கணக்கிட்டனர். மூன்று இழைகள் அருகருகே நின்று அந்நாரை ஆக்குகின்றன என்று 1954இல் "நேச்சர்" இதழில் வெளியிட்டனர். அம்மூன்றும் ஒன்றையொன்று சுற்றி முறுக்கேறியவை என்று மறு ஆண்டிலே திருத்தியும் உரைத்தனர்.

ஒவ்வோர் இழையிலும் மூன்றாம் இடந்தோறும் கிளைசின் என்னும் மிகச் சிறிய அமினோ அமிலமே அமர்ந்திருக்கும். மூவிழையும் நெருங்கும் நடுவிடத்தில் அதனினும் பெரியதற்கு இடமில்லை. அவ்விடத்தில் வேறொன்று புகுமாயின், எலும்பு எளிதில் முறியும் பிறவிநோய் தோன்றக்கூடும். அம்பத்தூர்த் தொழிற்பேட்டையிற் பளுத்தூக்கும் பொறியை இயக்குவாரைக் கேட்பின், இரும்பு வடம் பல புரிகளால் முறுக்கப்பட்டதன் காரணத்தை அவர் எளிதிற் கூறுவர். பிரசங்கியின் ஆகமம் முப்புரி நூலின் உறுதியைப் புகழ்வதை நாம் ஆலயத்திற் கேட்டிருக்கின்றோம். அவ்வுறுதியையே படைத்தவர் நம் தோலுக்குள்ளும் எலும்புக்குள்ளும் வைத்துள்ளார்.

இப்புகழ் இடையூறின்றி வந்ததன்று. 1955இல் இங்கிலாந்தில் கிரிக், ரிச் என்னும் இருவர் தாமும் ஒரு வடிவம் வரைந்து, சென்னையார் வடிவத்திற் சில அணுக்கள் அளவுக்கு மிஞ்சி நெருங்கியுள்ளன என்று குறை கூறினர். மும்மூன்று அமிலங்களுக்கு இரண்டு ஐதரசன் பிணைப்பு என்று இராமச்சந்திரன் கொண்டார். ஒன்றே என்பது அவர் கொள்கை. பிணைப்பின் எண்ணிக்கையில் அவர் கூற்றே பின்னர் நிலைபெற்றது. மூவிழை முறுக்கென்னும் அடிப்படையோ சென்னையார் கண்டதே. 1994இல் கொலாஜன் போன்றதொரு சிறு புரதத்தைப் படிகமாக்கி ஆராய்ந்தோர் இவ்விரண்டையும் தெளிவாகக் கண்டனர்.

குறை கூறப்பட்டபோது இராமச்சந்திரன் சினந்து வாளா இருந்தாரல்லர். அணுக்கள் எத்துணை நெருங்கலாம் என்பதுவே வினாவாயின், அவ்வெல்லையைத் தாமே அளந்து காண்பது என்று துணிந்தார். அதுவரை அறிஞர் வெளியிட்டிருந்த படிகங்களின் அளவுகளையெல்லாம் திரட்டினார். புரத இழை தன் கணுக்களில் எவ்வெக்கோணத்தில் திரும்பலாம், எவ்வெக்கோணத்தில் திரும்பவொண்ணாது என்று கணக்கிட்டு, ஒரு சதுரப் படத்தில் எல்லை வகுத்தார். இராமகிருஷ்ணன், சசிசேகரன் என்னும் துணைவரோடு 1963இல் இவர் வெளியிட்ட அப்படம் இராமச்சந்திரன் படம் என்றே உலகெங்கும் வழங்குகின்றது. இன்றும் ஒரு புரதத்தின் வடிவத்தைக் கண்டேன் என்பார் அப்படத்தின் முன் அதனை நிறுத்திச் சரிபார்த்த பின்னரே பிறர் ஒப்புக்கொள்வர். பகைபோல் வந்த வினா பயனாய் விளைந்தவாறு இது.

இவர் கண்ட நாரைப் பற்றிய ஆராய்ச்சி இன்று வேறொரு துறையிலும் தழைத்துள்ளது. நோய்க்கிருமியோடு பொரும் வெள்ளணுக்கள் குருதிக்குழாயை விட்டு வெளியேறியதும், கொலாஜன் நார்கள் பின்னிய வலையினூடே நுழைந்து செல்லல் வேண்டும். அவ்வணுவின் உட்கரு எளிதில் நெகிழாதது. வலைக்கண் மிகக் குறுகின் அணு தடைப்பட்டு நிற்கும். சில புற்றுக்கட்டிகளைச் சுற்றிக் கொலாஜன் அடர்ந்து செறிவதால், கட்டியை அழிக்க வந்த வெள்ளணுக்கள் வாயிலிலேயே நின்றுவிடுகின்றன. நுரையீரல் தழும்பேறி விறைக்குங்கால், அங்குள்ள பெருவிழுங்கணுக்களின் இயல்பும் மாறுகின்றது. எனவே, கிருமியின் வேதியலை மட்டும் அறிதல் போதாது; அணு நடக்கும் நிலம் மெல்லிதோ வல்லிதோ என்பதையும் அறிதல் வேண்டும். முனைவர் பட்டம் பெற்ற பின்னும் ஆய்வுக்கூடத்தை விட்டகலாத இளைஞர் பலர், கொலாஜனைக் களிபோல் உறையச்செய்து, அதன் விறைப்பைக் கூட்டியும் குறைத்தும், வெள்ளணுக்களின் நடையை நோக்கி வருகின்றனர். அவர் கையிலுள்ள நார் நம் பேராசிரியர் வடிவங் கண்ட அந்நாரே.

1970இல் இராமச்சந்திரன் சென்னையை விட்டுப் பெங்களூர் சேர்ந்து, அங்கே மூலக்கூற்று உயிர்ப்பௌதிகத் துறையைத் தோற்றுவித்தார். 1971இல் இலக்குமிநாராயணன் என்பாரோடு கூடி, பல திசைகளில் எடுத்த எக்ஸ் கதிர் நிழல்களிலிருந்து உள்ளுருவை விரைவில் மீட்கும் கணித முறை ஒன்றை வகுத்தார். மருத்துவமனைகளில் நாம் காணும் சி.டி. ஸ்கேன் கருவியின் வளர்ச்சிக்கு அம்முறை பெரிதும் உதவிற்று. 1977இல் இலண்டன் இராயல் சங்கம் இவரை உறுப்பினராக ஏற்றது. 1999இல் படிகவியலார் எவால்டு பரிசு அளித்தனர். நோபல் பரிசு மட்டும் இவரை அடையவில்லை. 1998இல் மனைவியார் இராஜலட்சுமி அம்மையாரை இழந்த இவர், 2001ஆம் ஆண்டு ஏப்ரல் 7ஆம் நாள் சென்னையில் காலமானார்.

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி முதலிய இடங்களினின்று மின்வண்டி ஏறியும் பேருந்து ஏறியும் நாடோறும் கல்லூரிக்கு வரும் மாணவ நண்பர்காள்! பெரும் ஆராய்ச்சி கடல் கடந்த நாட்டிலேதான் நிகழும் என்று நம்முட் சிலர் எண்ணுகின்றனர். முப்புரியின் வடிவம் துணியப்பட்டது கிண்டிக்கும் அடையாற்றுக்கும் இடைப்பட்ட நிலத்திலேயாம். அதனைத் துணிந்தவர் தம்மிற் பெரியார் காட்டிய குறையைத் தள்ளாது எடுத்து ஆராய்ந்தார். நம் விடைத்தாளிலும் கட்டுரையிலும் ஆசிரியர் சிவப்பு மையால் இடும் கோடுகளை அங்ஙனம் எடுத்து ஆராயும் பொறுமையை எல்லாம் வல்ல இறைவன் நமக்கும் அருள்வாராக.