கோர்ட்டு நாற்காலியில் ஒரு கிறிஸ்தவர்: மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளை



நம்ம ஊர்ப் பேரை ஒரு தடவை மெதுவாகச் சொல்லிப் பாருங்க. அறந்தாங்கி. அறத்தைத் தாங்குகிற ஊர் என்றுதான் காதில் விழுகிறது, இல்லையா? பஸ் போர்டிலும் ஹாஸ்டல் முகவரியிலும் தினமும் பார்க்கிற பேர் என்பதால் நாம் அதைப் பெருசாகக் கண்டுகொள்வதில்லை. ஆனால் அறத்தை யார் தாங்குவது, எங்கே வைத்துத் தாங்குவது என்று கேட்டால், பதில் சொல்லக் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருக்கும்.

கிறிஸ்தவ அறம் என்று சொன்னதும் நம்ம பக்கத்து ஆட்களுக்கு ஞாபகம் வருவது ஓரியூர். நமக்குத் தெற்கே, ராமநாதபுரம் மாவட்டத்தில் இருக்கிறது. போர்ச்சுகல் நாட்டிலிருந்து வந்த அருளானந்தர் என்ற பாதிரியார் 1693 பிப்ரவரி 4 அன்று அங்கேதான் தலை வெட்டப்பட்டு இறந்தார். அந்தச் செம்மணலைப் பார்க்க எல்லா மதத்துக்காரர்களும் போகிறார்கள். இதைப் படிக்கிற உங்களில் சில பேர் குடும்பத்தோடு போயிருப்பீங்க.

அது பெரிய தியாகம். ஆனால் உண்மையைச் சொல்லுங்க, உங்களிடமும் என்னிடமும் யாரும் வாளோடு வந்து நிற்கப் போவதில்லை. நமக்கு வருகிற சோதனை எல்லாம் சின்ன சைஸில்தான் வரும். நண்பனுக்கு ப்ராக்ஸி கொடுப்பது, லேப் ரீடிங்கைக் கடைசியில் மாற்றி எழுதுவது, நாளைக்கு வேலைக்குப் போனதும் ஒரு பில்லில் கையெழுத்துப் போட யாரோ நீட்டுகிற கவர். இந்த சைஸ் வாழ்க்கையில் கிறிஸ்தவ அன்பும் நேர்மையும் எப்படி இருக்கும்? அதற்கு ஓர் ஆளைக் காட்டலாம் என்றுதான் இந்தக் கட்டுரை. அவர் வாளைப் பார்க்கவில்லை. அவர் பார்த்ததெல்லாம் மனு, பத்திரம், சாட்சி, தீர்ப்பு.

யார் இவர்?

தமிழின் முதல் நாவல் எது? பள்ளிக்கூடத்தில் ஒரு மார்க் கேள்வி. பிரதாப முதலியார் சரித்திரம், 1879. எழுதியவர் மாயூரம் வேதநாயகம் பிள்ளை. அதோடு நாம் அவரை மறந்துவிட்டோம். நடிகரும் இசையமைப்பாளருமான விஜய் ஆண்டனி இவர் வம்சத்தில் வந்தவர் என்று சொன்னால் ஒருவேளை இன்னும் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவீங்க.

அவர் பிறந்தது 1826 அக்டோபர் 11, திருச்சிப் பக்கம் குளத்தூரில். அப்பா சவரிமுத்துப் பிள்ளை, அம்மா ஆரோக்கிய மரியம்மாள். கத்தோலிக்கக் குடும்பம். திருச்சி கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளராக இருந்த ஒருவரிடம் தமிழும் இங்கிலீஷும் படித்தார். பிறகு அதே திருச்சி கோர்ட்டில் ஆவணக் காப்பாளர் வேலை. அதாவது ரெக்கார்டு ரூம் உத்தியோகம். அங்கிருந்து மொழிபெயர்ப்பாளர் ஆனார். 1857-இல், வடக்கே சிப்பாய்க் கலகம் நடந்த அதே வருஷம், தரங்கம்பாடிக்கு முன்சீப் ஆனார். அடுத்து சீர்காழி. அதற்கப்புறம் மாயூரம், அதாவது இன்றைய மயிலாடுதுறை. அங்கே 13 வருஷம் போல வேலை பார்த்ததால் ஊர்ப் பேரே அவர் பேரோடு ஒட்டிக்கொண்டது.

நாற்காலியில் உட்கார்ந்தபோது

முன்சீப் என்றால் சிவில் வழக்கைக் கேட்கிற அடிமட்ட நீதிபதி. கொலை, கொள்ளை மாதிரி பரபரப்பான கேஸ் எதுவும் அவரிடம் வராது. வரப்புத் தகராறு, கடன் பத்திரம், பாகப் பிரிவினை, இப்படித்தான். ஆனால் அந்த வரப்புதான் ஒரு குடும்பத்துக்குச் சோறு. அதனால் முன்சீப்புக்கு முன்னால் வந்து நிற்கிறவர்கள் பயத்தோடு நிற்பார்கள். பயந்தவனிடம் காசு கறப்பது சுலபம். அன்றைக்கு அதற்கு இருந்த பேர் கைக்கூலி. நாம் லஞ்சம் என்கிறோம்.

அந்த நாற்காலியில் உட்கார்ந்து இரண்டே வருஷத்தில், 1859-இல், அவர் நீதிநூல் என்ற செய்யுள் நூலை வெளியிட்டார். பெரியவர்களை மதிப்பது, பொய், களவு, சோம்பல் என்று தலைப்புத் தலைப்பாகப் போகிற நூல் அது. அதில் கைக்கூலிக்கும் ஒரு தனித் தலைப்பு உண்டு.

இதில் என்ன விசேஷம் என்று கேட்கலாம். அறிவுரை எழுதுவது யாருக்கும் சுலபம்தானே? ஆனால் அவர் எங்கேயோ மலையில் உட்கார்ந்து எழுதவில்லை. தினமும் வாதியும் பிரதிவாதியும் ஏறி இறங்குகிற கோர்ட்டில் உட்கார்ந்திருந்தவர், லஞ்சம் தப்பு என்று தன் பேரைப் போட்டு அச்சில் ஏற்றினார். அதற்கப்புறம் அவர் ஒரு கூடை மாம்பழம் வாங்கியிருந்தால்கூட ஊர் அந்தப் புத்தகத்தை எடுத்து அவர் முகத்துக்கு நேராகக் காட்டியிருக்கும். திரும்பிப் போகிற வழியைத் தானே அடைத்துக்கொண்ட மாதிரி. நேர்மையான அதிகாரி என்ற பேர்தான் இன்றைக்கும் அவரைப் பற்றிப் பேசுகிறவர்கள் முதலில் சொல்வது.

புரியாத பாஷையில் தீர்ப்பு

இன்னொரு காரியம் எனக்கு ரொம்பப் பிடித்தது. அன்றைய உயர் நீதிமன்றத்துக்குச் சதர் கோர்ட்டு என்று பேர். அதன் தீர்ப்புகள் இங்கிலீஷில் இருந்தன. நிலத்தைப் பறிகொடுத்தவனுக்கு அது எந்தச் சட்டப்படி போனது என்றே தெரியாது. வேதநாயகம் பிள்ளை 1805 முதல் 1861 வரை வந்த தீர்ப்புகளைத் தமிழில் சுருக்கிக் கொண்டுவந்தார். நூலின் பேர் சித்தாந்த சங்கிரகம்.

யோசிச்சுப் பாருங்க. 50 வருஷத்துக்கும் மேலான கோர்ட்டுத் தீர்ப்புகள். கம்ப்யூட்டர் இல்லை. பகலில் கோர்ட்டு வேலை வேறு. இங்கிலீஷ் தெரிந்த சில பேரில் ஒருவராக இருப்பது அன்றைக்குப் பெரிய லாபம். தெரியாதவர்கள் தெரியாதவர்களாகவே இருந்தால்தான் அந்த லாபம் நிலைக்கும். அவர் அதை உடைத்தார். தமிழ்நாட்டுக் கோர்ட்டில், தமிழ் ஜட்ஜு முன்னால், தமிழ் வக்கீல் இங்கிலீஷில் வாதாடுகிற கூத்தைப் பின்னால் தன் நாவலிலும் கிண்டல் செய்தார்.

பிறனை உன்னைப் போல நேசி என்பது கிறிஸ்தவத்தின் அடிப்படைக் கட்டளைகளில் ஒன்று. அதைக் கோர்ட்டுக்குள் எப்படிச் செய்வது? கட்சிக்காரனைக் கட்டிப்பிடிக்கவா முடியும்? அவனுக்குச் சட்டத்தைப் புரிகிற மாதிரி சொல்லலாம். அவர் செய்தது அதுதான்.

வீட்டுக்குள்ளே இருந்தவர்களுக்கும்

1869-இல் பெண் கல்வி என்ற உரைநடை நூலை எழுதினார். பாரதியார் பிறப்பதற்கு 13 வருஷம் முன்னால்! பெண்களுக்கென்றே பெண்மதி மாலை என்ற நூலும் செய்தார். நீதிநூலிலேயே பெண்களைப் படிக்க வைப்பது பற்றி எழுதியவர் அவர். நாவலில் வருகிற ஞானாம்பாள், பெரும்பாலான இடங்களில் கதாநாயகனைவிடப் புத்திசாலி. ஆண் வேடத்தில் ஒரு நாட்டையே ஆளுகிறாள்.

இன்றைக்குப் படித்தால் சில இடங்கள் பழசாகத் தெரியும்தான். படித்த பெண் நல்ல மனைவியாக இருப்பாள் என்கிற தொனி அடிக்கடி வரும். கதையை நிறுத்திவிட்டு அவர் பக்கம் பக்கமாகப் புத்திமதி சொல்வதும் உண்டு. நம்ம கிளாஸ் தோழிகள் சிரிப்பார்கள். ஆனால் பெண்ணுக்கு எழுத்து எதற்கு என்று ஊரே கேட்ட காலம் அது. அப்போது ஒரு கோர்ட்டு அதிகாரி தன் பேரையும் மரியாதையையும் அதற்காகச் செலவழித்தார் என்பதையும் சேர்த்துப் பார்க்கணும்.

தாது வருஷம்

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறோம். 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவைப் பிடித்த பஞ்சம். தாது வருஷப் பஞ்சம் என்று நம்ம பாட்டிமார்கள் வரை அந்தப் பேர் வந்திருக்கிறது. மழை பொய்த்தது. தானிய விலை ஏறியது. அப்போதும் கப்பலில் தானியம் வெளியே போய்க்கொண்டுதான் இருந்தது. செத்தவர்கள் 50 லட்சத்துக்கும் மேல் இருக்கலாம் என்று கணக்கிடுகிறார்கள். அரசாங்கம் நிவாரண வேலை கொடுத்தது. ஆனால் 1877-இல் கூலியைக் குறைத்தது. மண் வெட்டி, கல் சுமக்கிற ஓர் ஆணுக்கு நாளைக்கு ஒரு ராத்தல் தானியம், அதாவது சுமார் 450 கிராம், கூடவே ஓர் அணா.

அந்த நேரத்தில் வேதநாயகம் பிள்ளை தன் சொத்தை எடுத்துச் செலவு செய்தார். பசித்து வந்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றினார். மற்றவர்களையும் கொடுக்கச் சொன்னார். அதை நேரில் பார்த்தவர்களில் ஒருவர், நந்தனார் சரித்திரக் கீர்த்தனை பாடிய கோபாலகிருஷ்ண பாரதியார். அவர் மனசு நெகிழ்ந்து வேதநாயகம் பிள்ளையைப் பற்றியே ஒரு கீர்த்தனை பாடினார். சிவனைப் பாடுகிற வாய், ஒரு கிறிஸ்தவரைப் பாடியது. காரணம் கஞ்சி.

பசித்தவனுக்குக் கொடுத்த சோறு கடவுளுக்கே கொடுத்தது என்பது மத்தேயு நற்செய்தியின் 25-ஆம் அதிகாரத்தில் வருகிற கருத்து. கோயிலில் அதைக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம். அதற்காக அரிசி மூட்டையை அவிழ்ப்பது வேறு விஷயம். இவர் மூட்டையை அவிழ்த்தார்.

எல்லோரும் பாடக்கூடிய பாட்டு

பஞ்ச காலத்தின் கடைசி வருஷமான 1878-இல் அவருடைய சர்வ சமய சமரசக் கீர்த்தனைகள் வெளிவந்தது. தன் மதத்தை அவர் எங்கும் ஒளிக்கவில்லை. மாதாவைப் பற்றித் தேவமாதா அந்தாதி பாடியவர் அவர். ஆனால் இந்தக் கீர்த்தனைகளில் எந்த மதத்துக்காரரும் தன் கடவுளை நினைத்துப் பாடலாம். கர்நாடக சங்கீத மேடையில் அவை இன்றைக்கும் ஒலிக்கின்றன.

அவருடைய நண்பர்களைப் பாருங்க. உ.வே.சா.வின் ஆசிரியரான மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை பழுத்த சைவர். அவர் வேதநாயகம் பிள்ளையைத் தலைவராக வைத்துக் குளத்துக் கோவை என்று ஒரு நூலே பாடினார். திருவாவடுதுறை ஆதீனம் சுப்பிரமணிய தேசிகரும் இவருக்கு நெருக்கம். தேசிகரைப் பற்றி இவர் செய்யுள் எழுதியிருக்கிறார். யாரும் யாரையும் மாற்றவில்லை. தன் நம்பிக்கையில் ஊன்றி நிற்கிறவனுக்கு அடுத்தவன் நம்பிக்கையைப் பார்த்துப் பயம் வராது போல.

வேலையை விட்ட பிறகும் மாயூரத்திலேயே இருந்தார். நகராட்சித் தலைவராகவும் இருந்தார். 1889 ஜூலை 21 அன்று காலமானார்.

நமக்கு என்ன?

நீங்க கிறிஸ்தவராக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். நேர்மை, இரக்கம், பணிவு, பிறர் மேல் அன்பு என்று எல்லோரும் பட்டியல் போடலாம். வேதநாயகம் பிள்ளையிடம் நான் பார்ப்பது அந்தப் பட்டியலை அவர் எங்கே வைத்திருந்தார் என்பதை. ஞாயிற்றுக்கிழமைக்கு என்று தனியாக எடுத்து வைக்கவில்லை. தெரிந்த இங்கிலீஷ், உட்கார்ந்த நாற்காலி, சேர்த்த பணம், எழுத வந்த பேனா, இவற்றுக்குள்ளேயே போட்டு வைத்திருந்தார். அதனால் அவருடைய அறம் பலருக்கு உபயோகப்பட்டது.

இன்னும் சில வருஷத்தில் நம்மில் ஒருவர் பாலத்துக்கு அளவெடுப்பார். ஒருவர் மின்வாரியத்தில் இணைப்புக் கொடுப்பார். ஒருவர் பேங்கு மென்பொருள் எழுதுவார். நமக்கு முன்னால் ஒரு பெரியவர் கையில் பேப்பரோடு, இங்கிலீஷ் புரியாமல், பயந்துபோய் நிற்பார். அவரை உட்காரச் சொல்லுவோமா? புரிகிற மாதிரி சொல்லுவோமா? அவர் நீட்டுகிற கவரைத் திருப்பிக் கொடுப்போமா? யாரும் பார்க்க மாட்டார்கள். செய்தியில் வராது. நம்ம ஓரியூர் அந்த மேஜைதான்.

அதற்கு இப்பவே பழகிக்கொள்ளலாம். லேப் ரீடிங் தப்பாக வந்தால் வந்தபடியே எழுதுங்க. இங்கிலீஷ் மீடியம் புரியாமல் தவிக்கிற ஜூனியருக்கு ஒரு யூனிட்டைத் தமிழில் சொல்லிக் கொடுங்க. மெஸ் பில் கட்ட முடியாதவன் யார் என்று விசாரித்துச் சத்தமில்லாமல் கட்டுங்க.

லீவு கிடைத்தால் நம்ம ஸ்டேஷனில் ரயில் ஏறித் திருவாரூர் போங்க, அங்கிருந்து மயிலாடுதுறைக்கு வண்டி உண்டு. போகிற வழியில் படிக்கப் பிரதாப முதலியார் சரித்திரம் இருக்கட்டும். இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. புத்திமதி வருகிற பக்கத்தைத் தள்ளிவிடத் தோன்றும். தள்ளாமல் ஒரு தடவை படிங்க. சொன்னபடி வாழ்ந்துவிட்டு எழுதியவர் அவர்.